மூத்திரக் கல் குழாயிலும் வளரும்

கடலில் ஓடும் பாய்மரப் படகின் கழிப்பறைக் குழாயை அறுத்துப் பார்த்தால் உள்சுவர் முழுக்கச் சாம்பல் வெள்ளையில் கல் படிந்திருக்கும். 38 மி.மீ. குழாயில் பாதி வழி அடைபட்டுக் கிடப்பது சாதாரணம். ஏற்காட்டு ஏரியின் துடுப்புப் படகிலும் மிதிபடகிலும் கழிப்பறையே இல்லையே, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. சேலத்தில் போர் தண்ணீர் ஓடும் கடைகள், கல்யாண மண்டபங்களின் யூரினல் குழாயில் உட்காருவதும் இதே கல்தான்.

சிறுநீரில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா உடைத்து அம்மோனியாவாக்குகிறது. அதனால் குழாயில் தேங்கிய நீரின் பி.ஹெச். 6-லிருந்து 9 வரை ஏறும். காரம் ஏற ஏற, கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து நிற்க முடியாமல் படியத் தொடங்கும். ஒரு பகுதி கால்சியம் கார்பனேட்டாகும். இன்னொரு பகுதி மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த ஸ்ட்ரூவைட். கிருமித்தொற்றால் சிறுநீரகத்தில் வளரும் கல்லும் ஸ்ட்ரூவைட்தான்.

தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு வேகமாகக் கல் வளரும். படகுக் கழிப்பறையில் ஊற்றுவது கடல்நீர். அதில் லிட்டருக்குச் சுமார் 1,300 மி.கி. மெக்னீசியமும் 400 மி.கி. கால்சியமும் உண்டு. கடினத்தன்மைக் கணக்கில் அது லிட்டருக்கு 6,000 மி.கி.-க்கும் மேல். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்த அளவு 200. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. படகில் ஒரு பருவத்தில் சேர்வது போர் தண்ணீரில் சேரச் சில ஆண்டுகள் பிடிக்கும். சேர்மானம் ஒன்றேதான். சேலம், மாமாங்கம் பக்கம் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது கிடைக்கும் ஊர். பாறையிலேயே மெக்னீசியம் இருக்கிறது.

படகில் கழிப்பறையின் கைப்பம்பு இறுகினால் முதல் சந்தேகம் குழாய்க் கல்மேல். பம்பு அடித்த பிறகு கழிவுநீர் கழிப்பறைக் கோப்பைக்கே திரும்பி வந்தால், பம்பின் வெளியேறும் வாயில் இருக்கும், நீரை ஒரே திசையில் மட்டும் விடும் ரப்பர் வாத்தலகு வால்வின் உதட்டில் கல் ஒட்டியிருக்கிறது. படகுக்குள் கடல்நீர் வந்துபோகும் துளைகளில் இருக்கும் கடல்வாய் வால்வுகளை மூடிவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும். மறந்தால் படகுக்குள் கடல் வரும். புது வால்வின் கூம்பு, நீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும். வளையும் குழாயைக் கழற்றி, கரையில் தரையோடு ஓங்கி அடித்தால் கல் சில்லுச் சில்லாக உதிரும். வீட்டு பி.வி.சி. குழாயில் இந்த வித்தையைக் காட்டினால் குழாய்தான் உடையும்.

இதற்கெல்லாம் முன்பே செய்யக்கூடியது, போதுமான நீர் விடுவது. 38 மி.மீ. குழாயில் மீட்டருக்கு 1.1 லிட்டர் நிற்கும். மூன்று மீட்டர் குழாய் என்றால் மூன்றரை லிட்டராவது போனால்தான் சிறுநீர் முழுதாக வெளியேறும். தண்ணீரை மிச்சப்படுத்துகிறோம் என்று யூரினலில் அரை லிட்டர் விடுவது, கிடைமட்டமாகப் போகும் குழாயில் சிறுநீரை ஊறப்போடுவதற்குச் சமம்.

படிந்த கல்லில் ஒரு சில்லை எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரைத்தால் கார்பனேட். நுரைக்காமல் மெல்லக் கரைந்தால் பாஸ்பேட் அதிகம். அதற்குப் பொறுமை வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 100 கிராமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். கோப்பையின் நீரை முடிந்தவரை வெளியேற்றிவிட்டு இதை ஊற்றி, ராத்திரி முழுக்க விடுங்கள். தண்ணீரை எடுக்காமல் ஊற்றினால் கரைசல் நீர்த்துப்போய் வேலையே நடக்காது. கடை ஆசிட்டைவிட இது மெதுவானது. ஆனால் பித்தளையையும் சிமெண்டுத் தரையையும் அவ்வளவு அரிக்காது.

பிளீச்சிங் பவுடர் கல்லைக் கரைக்காது, கிருமியைத்தான் கொல்லும். அமிலத்தோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை ஊற்றிய அன்று மற்றதைத் தொடாதீர்கள். படகு பம்புக்கு உயவாகச் சமையல் எண்ணெய் இரண்டு கரண்டி போதும். டீசல், மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும்.