ஆண்டவன் கொடுத்த குரலை ஏன் விரட்டுகிறீர்கள்?

பங்குனி பிறந்தால் போதும், காரைக்குடியில் என்னைத் தேடித் தொண்டை கட்டியவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கோயில் விழா, பட்டிமன்றம், பள்ளி ஆண்டு விழா, எங்கு போனாலும் மைக். குரல், பேச்சு சிகிச்சை என் தொழில். வருகிறவர்களில் பலர் கெட்ட தொண்டையோடு மேடை ஏறியவர்கள் அல்ல. டிவியில் கேட்ட யாரோ ஒருவர் போல முழங்கப் பார்த்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள்.

பேசும்போது குரல் நாண்கள் ஆண்களுக்கு விநாடிக்கு 100 தடவைக்கு மேல், பெண்களுக்கு ஏறத்தாழ 200 தடவை மோதுகின்றன. தொண்டையை இறுக்கிக் கத்தினால் மோதல் பலமாகி, நாண் வீங்கும். அதே பழக்கம் தொடர்ந்தால் உள்ளங்கைக் காய்ப்பு மாதிரி சிறு முடிச்சு விழும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் பனங்கற்கண்டைச் சப்பிக்கொண்டு இருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் செய்யும் ஒருவர் வந்தார். கல்லூரியில் தொழிலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "அவையோர்களே" என்று எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் ஆரம்பித்து, இரண்டாவது வரியில் மூச்சு முட்டி நின்றார். "எனக்கு நாக்கு எழும்பாது மேடம்" என்றார். சரி, கல் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். குரல் தானாக இறங்கியது. கண்ணாடியைத் துடைத்துச் சட்டத்தை வைப்பது, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றுவது, அச்சைத் தூக்கும்போது வண்ணம் கலங்காமல் இருக்கக் கை எப்படி நிற்க வேண்டும் என்பது, எல்லாவற்றையும் வெறுங்கையாலேயே செய்து காட்டினார். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது என்று அவர் சொன்னபோது எனக்கே எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவருக்குச் சொற்பொழிவு எதற்கு? கண்ணாடியையும் அச்சையும் மேடைக்கே கொண்டுபோகச் சொன்னேன்.

சிலருக்குக் கதை வரும், சிலருக்குக் கணக்குப் போல வாதம் வரும், சிலருக்கு நையாண்டி. பட்டிமன்றத்தை ஊர் ஊராக மக்களிடம் கொண்டு போன குன்றக்குடி அடிகளார் வாழ்ந்த மண் இது. அந்தப் பட்டிமன்றமே எல்லோருக்கும் ஒரே அச்சாகிப் போனதுதான் எனக்கு வருத்தம்.

அதற்காக, "நான் இப்படித்தான்" என்று கடைசி வரிசைக்குக் கேட்காமல் முணுமுணுப்பதும் ஆகாது. மூச்சு, உச்சரிப்பு, நேரம் மூன்றும் பழகி வர வேண்டியவை. 1939இல் இங்கே கம்பன் விழாவைத் தொடங்கிய சா. கணேசன் நேரக் கட்டுப்பாட்டுக்குப் பேர் போனவர். இன்றோ "இறுதியாக" என்று சொன்ன பிறகு கால் மணி நேரம் பேசுகிறார்கள்.

அடுத்த மேடைக்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒத்திகையைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். அதே விஷயத்தை வீட்டு வளவில் உட்கார்ந்து ஆச்சியிடம் சொல்லி, அதையும் பதியுங்கள். இரண்டிலும் வேறு வேறு ஆள் பேசுவது போலிருந்தால், ஆச்சியிடம் பேசியவரை மேடைக்கு அனுப்புங்கள்.