கல்லறைத் தோட்டத்தில் அலையும் அம்புக்குறி

கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று இரவு 7.30 மணியளவில், தக்கலைப் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டமொன்றில் கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் வழியில் குறித்த இடங்களைத் தேடிச் செல்லும் ஜியோகேச்சிங் விளையாட்டை நண்பர்களோடு விளையாடிய வாசகர் ஒருவர், தேவாலயச் சுவரை ஒட்டிய வரிசைக்கு வந்ததும் கைப்பேசியின் அம்புக்குறி 15 மீட்டர் விலகி அங்குமிங்கும் அலைந்தது ஏன் என்று கேட்டிருக்கிறார். விளக்கு வைத்த பிறகு கல்லறையில் நின்றால் அப்படித்தான் ஆகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்களாம்.

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. அடுத்த சில நாட்களுக்குள் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டோரம் ஒரு வாளியை ஒளித்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் அறிவித்தார். ஜியோகேச்சிங் பிறந்த கதை இதுதான். கல்லறைகளில் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும், திருவிதாங்கூர் படைத் தளபதி டி லனாயின் கல்லறையை எடுத்துக்கொண்டால், அவர் இறந்த 1777 என்ற ஆண்டின் இலக்கங்களை, அடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் விடுபட்ட இடங்களில் நிரப்பச் சொன்னால் போதும். பொருளைப் புதைத்து வைப்பதை விளையாட்டின் விதியே தடுக்கிறது. விதி இல்லாவிட்டாலும் கல்லறையோரம் மண்ணைக் கிளறுவது முறையன்று.

செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரத்தை அறிவிக்கின்றன. அலை வந்துசேர எடுத்த காலத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கிறது. கைப்பேசியின் கடிகாரம் மலிவானது என்பதால், அதன் பிழையையும் கண்டுபிடிக்க, மூன்றுக்குப் பதில் நான்கு கோள்கள் தேவைப்படுகின்றன. இதுவரை பள்ளிப் பாடம். வியப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தரையை அடையும்போது அந்த அலை, சுற்றியிருக்கும் வானொலி இரைச்சலைவிட வலுக்குறைந்ததாக இருக்கிறது. எல்லா ஜிபிஎஸ் கோள்களும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுகின்றன. இரைச்சலுக்குள் மூழ்கிய குரலைக் கைப்பேசி எப்படிப் பிரித்தெடுக்கிறது? கடற்காற்றும் மழையும் அரித்த ஒரு கல்லறைக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தெரிவன குழிகளும் கீறல்களும் மட்டுமே. எது எழுத்து, எது காலம் செய்த காயம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வாசகம் தேவாலயத்தின் பங்குப் பதிவேட்டில் இருந்து, அதை மெல்லிய தாளில் அதே அளவில் எழுதிக் கல்லின்மேல் சிறிது சிறிதாக நகர்த்தினால், ஒரே ஓரிடத்தில் மட்டும் கீறல்கள் எழுத்துகளோடு சட்டென்று பொருந்திவிடும். கைப்பேசி செய்வதும் இதையேதான். ஒவ்வொரு கோளும் தனக்கே உரிய, கூட்டலும் கழித்தலுமாக அமைந்த 1,023 துண்டுகள் கொண்ட ஒரு கோலத்தை நொடிக்கு 1,000 முறை ஒலிபரப்புகிறது. கைப்பேசி தன் நினைவில் உள்ள நகலை அதன்மேல் நகர்த்திப் பார்க்கிறது. பொருந்தாத நிலைகளில் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பொருந்தும் நிலையில் எல்லாம் ஒருசேரக் கூடி, இரைச்சலுக்கு மேல் ஒரு முகடாக எழுகின்றன. எவ்வளவு நகர்த்தினோம் என்பதே காலதாமதம். ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ 293 மீட்டர்; முகட்டின் உச்சியை அதில் நூறில் ஒரு பங்குவரை குறிக்க முடிவதால் பிழை சில மீட்டருக்குள் அடங்குகிறது.

தேவாலயச் சுவர் குழப்புவதும் இந்த முகட்டைத்தான். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் அதே கோலத்தையே சுமந்து வருவதால், அதுவும் சற்றுத் தாமதமாகப் பொருந்துகிறது. இரண்டு முகடுகளும் ஒன்றாகக் கலந்து உச்சி விலக, கோளின் தொலைவு தவறாகக் கணக்காகிறது. மழையில் நனைந்த ரப்பர் இலைகள் நேரடி அலையை மேலும் நலிவுறச் செய்யும்.

என் முதல் சந்தேகம் சுவரின்மீதுதான். ஆனாலும் குமரி மாவட்டத்தில் வானத்தை முற்றிலும் விடுவித்துவிட முடியாது. புவியின் காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ஏவப்பட்டதற்கு அதுவே காரணம். இக்கோட்டை ஒட்டிய பகுதிகளில், கதிரவன் மறைந்ததும், வானில் உயரே மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் அடிப்பகுதி விரைவாக நீர்த்துப்போக, நீர்த்த குமிழ்கள் மேலே உள்ள அடர்ந்த படலத்தைப் பிளந்து எழுவதுண்டு. அவற்றின் ஊடே வரும் அலைகள் நட்சத்திரங்களைப் போல மினுக்குகின்றன. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகத்தை நடத்துகிறது. ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம், இரவுதோறும் இடைவிடாது அளந்துகொண்டிருக்கும் இத்தகைய நிலையங்களுக்குத் தடையில்லாத நிதி வேண்டும் என்று கேட்பதில்லை என்பது என் மனக்குறை.

சுவரா, வானமா என்பதை வாசகரே சோதிக்கலாம். ஜிபிஎஸ் கோள்கள் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடங்களுக்குத் திரும்புவதால், சுவர் தரும் பிழை நாளொன்றுக்கு 4 நிமிடம் முந்தி வரும். கைப்பேசி ஜிபிஎஸ்ஸோடு சேர்த்துக் கேட்கும் பிற நாட்டுக் கோள்களின் கணக்கு வேறாகையால், ஜிபிஎஸ் மட்டும் ஏற்கும் கைக்கருவியோடு 15 நாள் கழித்து அதே கல்லருகே நிற்க வேண்டும். சுவர்தான் காரணம் என்றால் 6.30 மணிக்கே அம்புக்குறி அலையும்; குமிழ்கள் என்றால், தோன்றும் இரவுகளில், பழையபடி கதிரவன் மறைந்து வெகுநேரம் கழித்தே அலையும். பெரியவர்கள் சொன்ன மூன்றாவது காரணம் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் முன்கூட்டியே அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.