பசியில்லாத மீன் ஏன் தூண்டிலைக் கடிக்கிறது?

கடலில் வளர்ந்த பசிபிக் சால்மன், முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறத் தொடங்கியதும் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறது. இரைப்பையும் குடலும் சுருங்கிப்போகின்றன. அப்புறம் அது உயிரோடு இருக்கும் வாரங்களோ மாதங்களோ, எல்லாமே உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பில்தான் ஓடுகின்றன. ஆனாலும் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றிலும் கனடாவின் ஃபிரேசர் ஆற்றிலும் விடியற்காலையில் படகெடுத்துப் போகிறவர்கள் தூண்டில் போட்டே இந்த மீனைப் பிடிக்கிறார்கள். சியாட்டிலிலோ வான்கூவரிலோ பிள்ளைகள் இருக்கும் சென்னைக் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் அப்படி ஒரு படம் வந்திருக்கும்: படகில் நின்றபடி இரண்டு கைகளாலும் ஏந்திய பெரிய வெள்ளி மீன். சாப்பாட்டையே விட்டுவிட்ட மீன் எதற்காக வாயைத் திறந்தது?

சென்னைக் கடைகளில் இந்தியன் சால்மன் என்று விற்கும் காலா மீனுக்கும் இதற்கும் குடும்ப உறவு இல்லை. காலா வெப்பக் கடலின் மீன். நாம் பேசுவது குளிர்ந்த நீரின் மீனைப் பற்றி.

முதலில் அதன் உடம்புக்குள் நடப்பதைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் ரத்தத்தில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். ஆகவே கடலில் இருக்கும் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் செவுள் வழியாக வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல் நீரைக் குடிக்கிறது. கூடவே உள்ளே வரும் உப்பைச் செவுளில் இருக்கும் தனிச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. ஆற்றுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். இப்போது தண்ணீர் உள்ளே புகுகிறது, உப்பு வெளியே போகிறது. மீன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழித்து, அதே செவுளால் ஆற்று நீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பை உறிஞ்சியாக வேண்டும். செவுளின் செல்கள் புதிய வேலைக்கு மாறவேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் பல சால்மன்கள் உப்பும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரத்தில் கொஞ்சம் தங்கி, பிறகுதான் மேலே ஏறுகின்றன.

அந்தத் தங்கல்தான் படகுக்காரர்களின் முதல் வாய்ப்பு. கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கும் இடத்தில், அஸ்டோரியா ஊருக்கு அருகே, 10-ஆம் எண் மிதவையைச் சுற்றி ஆகஸ்ட் மாதத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். இங்கே கடல் ஏற்றமும் வற்றமும் இரண்டு மீட்டரைத் தாண்டும். சென்னையில் நாம் பார்ப்பது சுமார் ஒரு மீட்டர்தான். ஏற்றத்தோடு உள்ளே வரும் மீன், கடலில் கடைசியாகத் தின்ற இரையின் பழக்கத்தை இன்னும் முழுதாக விடவில்லை. அதனால் மத்தியின் உறவினமான ஹெர்ரிங் மீனைத் தலைப்பக்கம் சாய்வாக வெட்டித் தூண்டில் முள்ளில் கோர்க்கிறார்கள். மெதுவாகப் படகோட்டும்போது அந்தச் சாய்வு வெட்டால் இரை சுழலும்; அடிபட்ட சிறுமீன் தடுமாறுவது போலத் தெரியும். ஏற்றம் நின்று வற்றம் தொடங்கும் அந்த இடைவேளையில், நீரோட்டம் ஓயும்போது, நல்ல கடி கிடைக்கும் என்று எதிர்பார்த்து எல்லோரும் தூண்டில் கம்பைப் பார்த்தபடி இருப்பார்கள்.

ஆற்றுக்குள் மேலே போகப் போக ஆட்டமே மாறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மீன் சாப்பிடுவதில்லை என்றால் அதன் கையிருப்பு நிரப்பவே முடியாத கையிருப்பு. ஐடஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போகும் சாக்கை என்ற சால்மன் வகை, கடலிலிருந்து ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் நீந்தி, கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. கொடைக்கானலின் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனை தூரமும் ஒரு வாய் உணவு இல்லாமல். அப்படிப்பட்ட மீன் ஆற்றின் நடுவே, வேகமான நீரில் எதிர்த்துப் போராடிக் கொழுப்பை வீணாக்காது. ஆற்றின் அடிப்பரப்பில் உராய்வால் நீரின் வேகம் குறைவு. பெரிய பாறைக்குப் பின்னால் இன்னும் குறைவு. வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கொள்ளும் ஓரக்கோடு ஒன்று உண்டு. மேலே நுரை வரிசையாகப் போவதை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாம். மீன் அந்த ஓரத்தைப் பிடித்து ஏறும், ஆழமான மடுவில் இளைப்பாறும். பட்டினிதான் அதன் பாதையைத் தீர்மானிக்கிறது. ஆகவே அனுபவமுள்ள படகோட்டிக்கு மீன் எங்கே நிற்கும் என்பது தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இடம் தெரிந்துவிட்டது, சரி. சாப்பிட விரும்பாத மீனைக் கடிக்க வைப்பது எப்படி? இதற்கு அவர்கள் செய்வது எளிமையான ஒரு வேலை. படகின் முகப்பை நீர் வரும் திசைக்குத் திருப்பி, நீரோட்டத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் இயந்திரத்தையோ துடுப்பையோ இயக்குகிறார்கள். படகு முன்னோக்கிப் போக முயல்கிறது, ஆனால் ஆறு அதை மெல்லப் பின்னுக்குத் தள்ளுகிறது. படகிலிருந்து நீர் ஓடும் திசையில், தூண்டில் நரம்பின் நுனியில், மீன் வடிவப் போலி இரை. அதன் மூக்கில் சாய்வான ஒரு தகடு இருக்கிறது. இழுத்துப் பிடித்த இரையின் மீது நீர் மோதும்போது அந்தத் தகடு அதைக் கீழே அமுக்கும், இடமும் வலமுமாக ஆட்டும். இப்படி ஆடிக்கொண்டே அது மடுவில் நிற்கும் சால்மனின் முகத்துக்கு நேராக, அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி வருகிறது.

மீனின் உடம்பின் இருபக்கமும் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுவதைக் கறிமீன் வாங்கும்போது பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டின் உள்ளே மெல்லிய குழாயும், நீரின் அசைவை உணரும் மயிர்ச் செல்களும் இருக்கின்றன. கலங்கிய நீரிலும் பக்கத்தில் எது துடிக்கிறது என்று அது சொல்லிவிடும். போலி இரையின் ஆட்டம் குறிவைப்பது இந்தப் புலனைத்தான். தன் இடத்துக்குள் புகுந்து விலகாமல் நெருங்கி வரும் ஒன்றை மீன் விரட்ட வேண்டும், அல்லது இடத்தை விட்டுப் போக வேண்டும். முட்டையிடும் பருவத்துச் சால்மனிடம் சண்டைக் குணம் அதிகம். ஆண் மீனுக்குத் தாடை கொக்கிபோல் வளைந்து பற்கள் பெரிதாவதே போட்டியாளரைக் கடிக்கத்தான். மீனுக்குக் கை கிடையாது, விரட்டுவதற்கும் வாய்தான். இதோடு, அசைவதைக் கண்டால் கவ்வும் கடல் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. குடல் சுருங்கினாலும் அந்த அனிச்சை உடனே அழிந்துவிடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் போட்டுப் பதப்படுத்திய சால்மன் சினையை முள்ளில் கட்டினாலும் கடிக்கிறது. முட்டையின் வாசனை அதை ஈர்ப்பதாக நினைக்கிறார்கள்.

வாசனை என்று வந்தபின் ஆர்தர் ஹாஸ்லரைச் சொல்லாமல் இருக்க முடியாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவர், யூட்டாவில் சிறுவயதில் திரிந்த மலைக்கு மறுபடி போனபோது, அருவி கண்ணில் படும் முன்பே அதன் பாசி, செடிகளின் வாசனை வந்து பழைய நினைவுகளைக் கிளப்பியது. சால்மனும் இப்படித்தான் தன் ஓடையைத் தேடி வருகிறதோ என்று யோசித்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டை நம் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா, அதுபோல. 1970களில் அவருடைய குழு மிச்சிகன் ஏரிப் பகுதியில் இளம் கோஹோ சால்மன்களை மார்ஃபோலின் என்ற வேதிப்பொருளின் மணத்தில் பழக்கி விட்டது. வளர்ந்தபின் அந்த மணத்தைக் கலந்த ஓடைக்கே அவை திரும்பி வந்தன. பிறந்த ஓடையின் மணம் இளம் வயதிலேயே மூளையில் பதிந்துவிடுகிறது. நடுக்கடலிலிருந்து கரைவரை வழிகாட்டுவதில் பூமியின் காந்தப்புலத்துக்குப் பங்கு இருக்கிறது, ஆற்றுக்குள் மூக்குதான்.

இவ்வளவு கூர்மையான மூக்கு படகில் இருப்பவரையும் மோப்பம் பிடிக்கும். கனடாவில் 1950களில் நடந்த ஆய்வுகளில், மனிதக் கை கழுவிய நீரை ஆற்றில் விட்டபோது மேலேறிக்கொண்டிருந்த சால்மன்கள் பின்வாங்கின. பாலூட்டிகளின் தோலில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலம் காரணம். சால்மனுக்குக் கரடியும் நாமும் ஒரே வகை ஆபத்து. இரையைத் தொடும் முன் கையுறை போட்டுக்கொள்வதும், வாசனையற்ற சோப்பில் கை கழுவுவதும் இதனால்தான்.

வெயில் ஏறியதும் மீன் ஆழத்துக்கு இறங்கும், கடி குறையும். மாலையில் மறுபடி கொஞ்சம் சூடுபிடிக்கும். பிடித்ததை எல்லாம் கொண்டுபோக முடியாது. வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் பண்ணையில் பொரித்து ஆற்றில் விடும் குஞ்சுகளுக்கு, வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுகிறார்கள். அந்தத் துடுப்பு முழுசாக இருந்தால் அதை இயற்கையில் பிறந்த மீனாகக் கொள்வார்கள். பல இடங்களில் அதை விட்டுவிட வேண்டும் என்பது விதி. விடும் மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலேயே முள்ளைக் கழற்றுவது நல்லது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனோ அதிகம். 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் சால்மன் திணறும். 2015 கோடையில் கொலம்பியா ஆற்றில் நீர் குறைந்து சூடேறியபோது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சாக்கை மீன்கள் போகும் வழியிலேயே செத்தன.

20 டிகிரி நீர் நம் ஊர் மீனுக்குக் குளிர். முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் தூண்டில்காரர்கள் காத்திருப்பது கொடுவாவுக்காக, அதன் வாழ்க்கையோ சால்மனுக்கு நேர் எதிர். சால்மன் நன்னீரில் பிறந்து கடலில் வளர்கிறது. கொடுவா உப்பு நீரில் பிறந்து, குஞ்சாக உப்பங்கழிக்கும் ஆற்றுக்கும் வந்து வளர்ந்து, முட்டையிட மறுபடி உப்பு நீருக்குப் போகிறது. பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஒருமுறை முட்டையிட்டதும் பசிபிக் சால்மன் இறந்துவிடும். கொடுவா அடுத்த பருவத்துக்கும் இருக்கும். அது தூண்டிலைக் கடிப்பதில் புதிர் எதுவும் இல்லை. பசி. பாலத்தின் தூணையோ மூழ்கிய மரத்தையோ ஒட்டி நின்று, வற்றத்தில் அடித்துவரப்படும் இறாலையும் சிறுமீனையும் வாயை விரித்து நீரோடு உறிஞ்சி விழுங்கும். ஆகவே இங்கே தூண்டில்காரர் படிப்பது மீனின் சிக்கனத்தை அல்ல, இரை வரும் வழியை.

சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் வைத்தே முட்டையிடச் செய்தது. இந்தியாவில் அதுதான் முதல்முறை. பண்ணைகளுக்குக் குஞ்சு இப்படிக் கிடைத்துவிடும். அடையாற்றிலோ முட்டுக்காட்டிலோ தானாக வளரும் கொடுவாவுக்கு முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். ஆற்றில் நீர் வரத்து இல்லாத மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைக்கிறது, வடகிழக்குப் பருவமழை வெள்ளம் அதை உடைக்கிறது. பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, உடைந்த பாலத்தின் பக்கம் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். வாய் அடைபட்டிருக்கும் காலத்தில் குஞ்சு உள்ளே வராது, முதிர்ந்த மீன் வெளியே போகாது. அதனால் மணலை வாரித் திறக்கும் வேலையை வெள்ளத் தடுப்புக்காக மழைக்கு முன் மட்டும் செய்தால் போதாது, கோடையிலும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.