கூரை ஒழுகினால் எந்த ஆபீஸுக்குப் போவது? ஊர்ப் பள்ளிக்குப் பணம் வரும் வழிகள்

உங்கள் ஊர்ப் பள்ளியின் பெயர்ப் பலகையை ஒருமுறை நின்று படியுங்கள். ‘ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி’ என்று எழுதியிருக்கிறதா, ‘அரசு உயர்நிலைப் பள்ளி’ என்று எழுதியிருக்கிறதா? பணம் எங்கிருந்து வருகிறது, குறை இருந்தால் யாரிடம் கேட்பது என்பதில் பாதி அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு இரண்டு துறைகள் பொறுப்பு. ஆசிரியர், பாடம், தேர்வு எல்லாம் பள்ளிக் கல்வித் துறை. அதற்கு வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். கட்டடமும் இடமும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலகம், அதாவது நாம் சொல்லும் பிடிஓ ஆபீஸ். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். மலைக் கிராமங்களில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பழங்குடியினர் நலத் துறை நடத்துகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நகரங்களில் நகராட்சியும் ஓசூரில் மாநகராட்சியும் நடத்தும் பள்ளிகள் இருந்தால், அங்கே சொத்து வரி ரசீதைப் பாருங்கள். கல்வி வரி என்று ஒரு பகுதி இருக்கும். அது பள்ளிகளுக்காக வாங்கும் வரி.

என் மகள் படித்த பள்ளியில் கழிப்பறைக் கதவு உடைந்தபோது ஆறு மாதம் மனு கொடுத்தோம். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டியது. அதுவரை பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளித்தார்கள். பள்ளியின் கையில் இருந்த மானியத்திலேயே அந்தக் கதவை மாட்டியிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அந்த மானியத்தின் பெயர் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். பள்ளிகளுக்காக மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் வருகிறது; மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. எவ்வளவு என்பதைப் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. திட்ட விதிப்படி 30 பேர் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். சுண்ணாம்பு, சாக்பீஸ், பதிவேடு, சிறு பழுது, குழாய், விளக்கு எல்லாம் இதிலிருந்துதான். குறைந்தது 10 சதவீதம் சுத்தம், சுகாதாரத்துக்கென்று ஒதுக்க வேண்டும். விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் தனி மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை.

இந்தக் கணக்கில் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. பென்னாகரம், அஞ்செட்டி, தளி, சித்தேரி மலைப் பக்கமெல்லாம் இருபது, இருபத்தைந்து பிள்ளைகளோடு நடக்கும் பள்ளிகள் உண்டு. பன்னிரண்டு பேர் படித்தாலும் கழிப்பறை வேண்டும், ஓடு மாற்ற வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும். மேலே கொண்டுபோகும் சிமெண்ட் மூட்டைக்கு வண்டி வாடகை கீழே இருப்பதைவிட அதிகம். ஆனாலும் கிடைப்பது 10,000. முப்பதாவது பிள்ளைக்கும் முப்பத்தொன்றாவது பிள்ளைக்கும் நடுவில் 15,000 ரூபாய் இருக்கிறது. தலையை மட்டும் எண்ணிப் பணம் பிரிப்பது மலைப் பள்ளிக்கு நியாயம் இல்லை என்பது என் எண்ணம்.

அதனால் சேர்க்கைப் பதிவு சரியாக இருக்கிறதா என்று பெற்றோரும் பார்க்க வேண்டும். யூடைஸ் (மத்திய அரசின் பள்ளித் தகவல் பதிவு), எமிஸ் (மாநில அரசின் பள்ளி, மாணவர் பதிவு) இரண்டிலும் இருக்கும் எண்ணிக்கைதான் மேலே போகிறது. ஆசிரியர் பணியிடத்தையும் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படிதான் நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளையையும் கூட்டிப் போய்விடுவது நம் பக்கம் வழக்கம். போகும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தாத்தா பாட்டியிடம் விட்டுப் போக முடிந்தால் இன்னும் நல்லது. பிள்ளையின் படிப்புக்காகத்தான் முதலில் சொல்கிறேன், அப்புறம்தான் இந்தக் கணக்கெல்லாம்.

‘பணம் வந்துவிட்டதா?’ என்று கேட்டால் தலைமை ஆசிரியர் சில சமயம் தயங்குவார். காரணம் இருக்கிறது. இப்போது இந்த மானியம் பள்ளிக் கணக்கில் ரொக்கமாக விழுவதில்லை. இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று வரம்பு மட்டும் திறப்பார்கள். பணம் கடைக்காரர் கணக்குக்கு நேராகப் போகும். பெரும்பாலும் தவணையாகத்தான் வரும். நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது, அதற்குள் செலவு செய்யாத வரம்பு கையை விட்டுப் போகலாம். 2024-25இல் மாதிரிப் பள்ளிகளுக்கான மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று மத்திய அரசு சமக்ர சிக்ஷா பணம் சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. டெல்லியில் பணம் நின்றால் பாலக்கோட்டுப் பள்ளியின் குழாய் வரை அது தெரியும்.

இனி ஊராட்சிப் பக்கம். அரசியல் சட்டத்தின் பதினொன்றாம் அட்டவணையில் உள்ளாட்சிகளுக்குத் தரக்கூடிய பொறுப்புகளில் பள்ளிக் கல்வியும் இருக்கிறது. மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தைத் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக்கு 80, ஒன்றியத்துக்கு 15, மாவட்ட ஊராட்சிக்கு 5 என்று பிரித்தார்கள். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று கட்டிவைத்த பணம். நமக்கு இது பெரிய விஷயம். ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைத் தண்ணீரால் பல்லில் கறையோடு வளர்ந்த தலைமுறை நம்முடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பள்ளியில் பிள்ளைகள் குடிப்பது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேளுங்கள். குழாய் இணைப்பு இல்லையென்றால் ஊராட்சியிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. இரண்டு மாவட்டங்களிலும் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லை என்றாலும் கிராம சபைக்கு அதிகாரம் போய்விடாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் எழுதியதுதான்.

புது வகுப்பறை மாதிரி பெரிய வேலைக்கு மானியமும் ஊராட்சிப் பணமும் பத்தாது. 2022-23இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், எம்எல்ஏ தொகுதி நிதி, இப்படி மேலிருந்து வர வேண்டும். ஊரே சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டமும் உண்டு.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பதும் சட்டம் அவர்களுக்குத் தந்த வேலை. கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது சண்டை இழுப்பது ஆகாது. நல்ல தலைமை ஆசிரியர் அதை விரும்பவே செய்வார். கையிலிருந்து போட்டுச் செலவு செய்துவிட்டுச் சொல்லாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். கணக்கைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனு எழுதும்போது ‘பள்ளி மோசமாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். இரண்டாம் வகுப்பறை, தெற்குச் சுவர், விரிசல், எப்போதிருந்து என்று எழுதி, ஒரு போட்டோவும் மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகலும் வையுங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் ஒன்று பிடிஓ ஆபீஸுக்கு, ஒன்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு. இரண்டிலும் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.