சிங்கப்பூரில் கார் ஓட்ட சிஓஇ ஏன் வேண்டும், எப்படிக் கிடைக்கும்?

சிங்கப்பூரில் காருக்குக் காசு சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது எல்லோரும் சிஓஇ என்று சொல்வது, அதையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 மே மாதத்திலிருந்து இதுதான் விதி, மின்சாரக் காருக்கும் விலக்கு கிடையாது.

ஏலம் மாதத்துக்கு இரண்டு தடவை நடக்கும். சிறிய கார், பெரிய கார், சரக்கு வண்டி, மோட்டார்சைக்கிள் எல்லாம் தனித்தனிப் பிரிவு. கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்: சான்றிதழ் கிடைக்காதவர்களில் அதிகமாகக் கேட்டவரின் தொகைக்கு மேல் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஜெயித்த எல்லோருக்கும் அதே விலைதான். அதுவே 2023 அக்டோபரில் சிறிய கார் பிரிவில் 106,000 வெள்ளியைத் தொட்டது. கார் விலை தனி.

சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். அப்புறம் வண்டியைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாம், இல்லையென்றால் கடைசி மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டி 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். 5 ஆண்டு எடுத்தால் அதற்கு மேல் நீட்டிப்பே கிடையாது, கவனம்.

நெரிசலைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு இது. ஆனால் போக்குவரத்துப் புகையைக் குறைக்க நினைக்கும் எந்த நகரமும் தொடத் தயங்கும் இடத்தை, அதாவது கார்களின் எண்ணிக்கையை, இது நேரடியாகத் தொடுகிறது. 2018 பிப்ரவரி முதல் கார், மோட்டார்சைக்கிள் இரண்டுக்கும் வளர்ச்சி விகிதம் 0. பழைய வண்டி பதிவிலிருந்து போனால்தான் அந்த இடத்தில் புதியது வரும் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. இதோடு 2025 முதல் புது டீசல் கார், டாக்சி எதையும் பதிவு செய்வதில்லை, 2030 முதல் பதிவாகும் புதுக் கார்கள் எல்லாம் மின்சாரம், ஹைபிரிட் போன்ற தூய்மையான வகையாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சிஓஇ வண்டியை எண்ணுகிறது, ஓடும் தூரத்தை எண்ணுவதில்லை. இவ்வளவு பணம் கொட்டி வாங்கியவர் பக்கத்துத் தெருவுக்கும் காரில்தான் போவார். 1998-இல் வந்த ஈஆர்பி, அதாவது மின்னணுச் சாலைக் கட்டணம், குறிப்பிட்ட சாலைகளில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும்தான். புதிய ஈஆர்பி கருவியால் தூரத்தைக் கணக்கிட முடியும், அதைச் சொல்லித்தான் 2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளுக்குள் 20,000 வரை கூடுதல் சான்றிதழ்களை நிலப் போக்குவரத்து ஆணையம் விடுகிறது. தூரக் கட்டணத்தை முதலில் கொண்டுவந்துவிட்டு அப்புறம் வண்டிகளைக் கூட்டியிருக்க வேண்டும்.