ஃபுல் ஸ்பெக் எடுத்தால் குலுங்காது என்று யார் சொன்னது?

பிறையில் டயர், அலைன்மென்ட், அப்சார்பர் வேலை பார்க்கும் பட்டறை எங்களுடையது. அண்மைக் காலமாக வாரம் தவறாமல் ஒரே புகார் வருகிறது. காடி புதுசு, சின்ன எஸ்யூவி, அதிலும் ஃபுல் ஸ்பெக், அதாவது எல்லா வசதியும் சேர்ந்த உச்ச ரகம். "அண்ணே, பின்னால உட்கார்ந்தா தூக்கித் தூக்கிப் போடுது. எண்ணெயும் சொன்ன கணக்குக்கு ஓடலை. என்ன கோளாறுன்னு பாருங்க." ஜாக்கியில் ஏற்றிப் பார்ப்போம். கோளாறு ஒன்றும் இருக்காது. தொழிற்சாலையில் எப்படிப் பூட்டினார்களோ அப்படியேதான் இருக்கும்.

போன வாரம் வந்த தம்பி பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறார், வீடு புக்கிட் மெர்தாஜாம். அம்மாவுக்கு முதுகெலும்பில் டிஸ்க் பிரச்சினை. முதலில் நடு ஸ்பெக்தான் பார்த்து வைத்திருந்தாராம். அம்மா முதுகுக்குச் சொகுசாக இருக்கட்டும் என்று மேல் ஸ்பெக்குக்கு மாறி, ஒன்பது வருஷத் தவணையில் எடுத்துவிட்டார். இப்போது அந்த அம்மா தண்ணீர்மலைக் கோயிலுக்கு இந்தக் காடியில் வர மாட்டேன் என்கிறார். பினாங்குப் பாலத்தின் ஒவ்வோர் இணைப்பும் இடுப்பில் இடிக்கிறதாம். தம்பி என்னிடம் கேட்டது, நாலு அப்சார்பரையும் மாற்றிக் கொடுங்கள், காசு பிரச்சினை இல்லை என்று. மூன்று மாதம்கூட ஓடாத காடிக்கு! மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் கோபம் தாங்கவில்லை. அவர் மேல் இல்லை. முதுகு வலி உள்ள ஒருவருக்காக வாங்குகிறேன் என்று சொன்னபோது, உண்மையைச் சொல்லாமல் மேல் ஸ்பெக்கைத் தள்ளிவிட்ட அந்த விற்பனையாளர் மேல்.

ஸ்பெக் உயர உயர எல்லாமே உயரும் என்றுதான் வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். திரை பெரிதாகிறது, சீட் தோலாகிறது, கூரை கண்ணாடியாகிறது. அப்படியென்றால் ஓட்டமும் மெத்தென்று ஆகத்தானே வேண்டும்? ஆகாது. பெரும்பாலான சின்ன எஸ்யூவிகளில் கீழ் ஸ்பெக்குக்கும் மேல் ஸ்பெக்குக்கும் அடியில் இருக்கும் சாமான் கிட்டத்தட்ட ஒன்றே. நம் ஊரில் அதிகம் ஓடும் அத்திவா, எக்ஸ்50, எச்ஆர்-வி மூன்றுக்கும் பின்பக்கம் டார்ஷன் பீம்தான், இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே குறுக்குத் தண்டால் இணைக்கும் எளிய அமைப்பு. கூடுதலாகப் பத்தாயிரம் வெள்ளி கொடுத்தாலும் பின்பக்கம் அதேதான்.

மாறுவது ரிம். அதுவும் நமக்குச் சாதகமாக மாறுவதில்லை.

பெரொடுவா அத்திவா 2021-இல் வந்தபோது எக்ஸ் ஸ்பெக்குக்கு 205/65 ஆர்16 டயர் கொடுத்தார்கள். அதற்கு மேலுள்ள எச், ஏவி இரண்டுக்கும் 205/60 ஆர்17. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்று சொல்வது. கடைசி எண் ரிம்மின் அளவு, இஞ்சில். 205-இல் 65 விழுக்காடு என்றால் 133 மில்லிமீட்டர் சுவர். 60 விழுக்காடு என்றால் 123. ரிம் ஒரு இஞ்சு பெரிதானது, ஆனால் சக்கரத்தின் மொத்த உயரம் அநேகமாக அதேதான். அப்படியானால் அந்த இடம் எங்கிருந்து வந்தது? ரப்பரிலிருந்து வந்தது. காற்று அடைத்த ரப்பர் ஒரு சென்டிமீட்டர் குறைந்து, அந்த இடத்தில் அலுமினியம் உட்கார்ந்துகொண்டது.

2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50-ஐயும் பாருங்கள். கீழ் இரண்டு ஸ்பெக்குக்கு 215/60 ஆர்17, மேல் இரண்டுக்கு 215/55 ஆர்18. சுவர் 129 மில்லிமீட்டரிலிருந்து 118-க்கு இறங்குகிறது. 2022 ஹோண்டா எச்ஆர்-வியில் எஸ் ஸ்பெக்குக்கு 215/60 ஆர்17, உச்சியிலுள்ள ஆர்எஸ் ஹைப்ரிட்டுக்கு 225/50 ஆர்18. இங்கே சுவர் 129-லிருந்து 112-க்குப் போய்விட்டது. விலை ஏற ஏற ரப்பர் மெலிகிறது. கனத்த மெத்தையை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டால் முதுகு என்ன சொல்லுமோ அதையே இங்கும் சொல்கிறது.

"ஒரு சென்டிமீட்டர்தானே அண்ணே" என்று சிரிக்கிறார்கள். குழி, வேகத்தடை பம்ப், பாலத்து இணைப்பு எதுவானாலும் முதல் அடியை வாங்குவது டயர். அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் கூரான அடிகளை டயரே விழுங்கிவிட வேண்டும். அது விழுங்கவில்லை என்றால் மேலே எவ்வளவு விலை உயர்ந்த அப்சார்பர் போட்டும் பயன் குறைவு. பெரிய ரிம் பெரும்பாலும் கனமாகவும் இருக்கும், அந்தக் கனமும் சேர்ந்து குதிக்கும். தாமான் ரோட்டில் மழைக்குப் பிறகு வாய் பிளந்து நிற்கும் குழியில் 18 இஞ்சு ரிம் இறங்கினால் டயர் பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும், சில நேரம் ரிம்மே நெளியும். அப்படிப் புடைத்த டயரோடு நெடுஞ்சாலையில் ஓடி வந்து, "கொஞ்ச நாள் தாங்குமா?" என்று கேட்பவர்களும் உண்டு. தாங்காது. அன்றே மாற்றுங்கள், தயவுசெய்து.

அடுத்தது காற்று. அந்தத் தம்பியின் காடியில் நாலு டயரிலும் 40 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தது. எண்ணெய் மிச்சமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. அதில் உள்ள அளவுதான் அளவு. பெட்ரோல் நிலையத்தில் முன்னால் நின்றவர் விட்டுப்போன எண் அளவில்லை, உங்கள் மாமா காடிக்குப் போடுவதும் அளவில்லை. காலையில் டயர் சூடேறுவதற்கு முன் பாருங்கள். வெயிலில் ஓடி வந்த பிறகு அளந்தால் சில பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடக் கூடாது. ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கிக் கொடுத்ததுமே அந்த அம்மா, "இப்ப பரவாயில்லைய்யா" என்றார். ஆனால் குலுக்கலில் ஒரு பங்குதான் குறைந்தது. மீதி மெலிந்த ரப்பரின் வேலை, அதைக் காற்றால் சரிசெய்ய முடியாது. மெத்தென்று இருக்கட்டும் என்று ஸ்டிக்கர் அளவுக்கும் கீழே இறக்கவும் கூடாது. டயர் சூடாகும், ஓரம் தேயும், எண்ணெயும் கூடச் செலவாகும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

ஒரே எஞ்சின், ஒரே கியர்பாக்ஸ் என்றால் ஸ்பெக்குக்கு ஸ்பெக் எண்ணெய்ச் செலவில் பெரிய வித்தியாசம் வராது. அத்திவாவின் மூன்று ஸ்பெக்கிலும் அதே 1.0 லிட்டர் டர்போ, அதே 98 குதிரைத்திறன். நிறுவனம் சொன்ன கணக்கும் மூன்றுக்கும் லிட்டருக்கு 18.9 கிலோமீட்டர் என்றுதான். கனமான ரிம் நெரிசலில் நின்று நின்று கிளம்பும்போது கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

எக்ஸ்50-இல் கதை கொஞ்சம் வேறு. 2020 மாடலில் கீழ் மூன்று ஸ்பெக்குக்கு 150 குதிரைத்திறன் எஞ்சின், உச்சியிலுள்ள ஃபிளாக்‌ஷிப்புக்கு மட்டும் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் 177 குதிரைத்திறன் எஞ்சின். சொன்ன கணக்கு, 100 கிலோமீட்டருக்கு முறையே 6.5, 6.4 லிட்டர். "மேல் ஸ்பெக் எண்ணெய் கம்மியா குடிக்கும்" என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 20 லிட்டர். புடி95 என்ற அரசு மானியத் திட்டத்தின் பெட்ரோல் விலையான 1.99 வெள்ளியில் நாற்பது வெள்ளிகூட வராது. அறிமுகமானபோது மூன்றாவது படியான பிரீமியம் ஸ்பெக்குக்கும் ஃபிளாக்‌ஷிப்புக்கும் இடையே இருந்த வித்தியாசம் 10,100 வெள்ளி. எண்ணெய் மிச்சப்படுத்த அந்தப் பணத்தைக் கொடுத்தேன் என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

உண்மையில் எண்ணெய்ச் செலவு மாறுவது ஹைப்ரிட் ஸ்பெக்கில்தான். காலையில் பிறையிலிருந்து பாலத்துக்கு ஏறும் நெரிசலில் ஊர்ந்து போகிறவர்களுக்கு எச்ஆர்-வி ஆர்எஸ் நன்றாகக் கைகொடுக்கும், மின்மோட்டாரே இழுத்துக்கொண்டு போகும். ஆனால் மேலே சொன்னேனே, அதே ஸ்பெக்கில்தான் டயரும் மெலிந்தது. எண்ணெய் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம். வீட்டில் யாருக்கு எது முக்கியம் என்று முதலிலேயே பேசி முடிவெடுங்கள்.

பிரோஷர் எண்ணை ஓட்டத்தில் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். அது சோதனைக்கூடத்தில் எடுத்த எண். உதாரணத்துக்கு, என்இடிசி என்ற பழைய ஐரோப்பியச் சோதனை உருளைகளின் மேல் நடப்பது. இருபது நிமிஷத்துக்குள் சுமார் 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டரை ஒட்டி, ஏர்கான் அணைத்து. பினாங்கில் ஏர்கான் அணைத்துக் காடி ஓட்டுகிறவர் யார்? ஐரோப்பாவிலேயே 2017-இலிருந்து அதைக் கைவிட்டு வேறு சோதனைக்கு மாறிவிட்டார்கள். உங்கள் காடியின் உண்மைக் கணக்கு வேண்டுமென்றால் டேங்கை நிரப்பி, ஓடி, மறுபடி அதே நிலையத்தில் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் சராசரி கிடைக்கும். டாஷ்போர்டு காட்டுவது பல காடிகளில் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நாலு மடங்கு. 90-இல் போகிறவர் 110-க்கு ஏற்றினால் அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. எஸ்யூவி உயரமான உடம்பு, இன்னும் மோசம். கூரையில் பெட்டி கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் பறந்துவிட்டு வந்து, ஸ்பெக்கைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

மேல் ஸ்பெக்கே வாங்காதீர்கள் என்கிறேனா? இல்லை. 2020 எக்ஸ்50-இல் தானாக பிரேக் பிடிக்கும் வசதி ஃபிளாக்‌ஷிப்பில் மட்டும்தான் வந்தது. அதற்காக ஒருவர் பத்தாயிரம் கூடக் கொடுத்தால் நான் நல்லது என்றுதான் சொல்வேன். உயிர் காக்கும் வசதி கீழ் ஸ்பெக்கில் இல்லாமல் விற்கப்படுவது எனக்குப் பிடிக்காத விஷயம், அது தனிப் பேச்சு. என்ன காரணத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள். பாதுகாப்புக்கு என்றால் சரி. பவருக்கு என்றாலும் சரி. சொகுசுக்கு என்றால் நில்லுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வாங்கப்போகும் ஸ்பெக்கையே கேளுங்கள். அந்த ஸ்பெக் அங்கே இல்லை என்றால் வேறு கிளையில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஷோரூம் எதிரே உள்ள வழவழப்பான சாலையில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் போதாது. பம்ப் உள்ள தாமானுக்குள் விடச் சொல்லுங்கள். பின் சீட்டில் உட்காரப் போகிறவரை, அம்மாவோ அப்பாவோ, அங்கேயே உட்காரவைத்துக் கூட்டிப்போங்கள். ஓட்டுகிறவருக்குத் தெரியாதது பின்னால் இருப்பவருக்குத் தெரியும். கிளம்பும் முன் டயர் காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காட்சிக்கு நின்ற காடிகளில் சில நேரம் தேவைக்கு மேல் இருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதே மாடலின் கீழ் ஸ்பெக்குக்கு நிறுவனமே கொடுத்த ரிம், டயர் அளவுக்கு இறங்கலாம். கதவு ஸ்டிக்கரில் சில காடிகளுக்கு இரண்டு அளவும் அச்சிட்டிருக்கும். பெரிய ரிம் ஆசையில் கழற்றி விற்ற ஒரிஜினல் 16, 17 இஞ்சு ரிம்கள் கடைகளில் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் கேலிப்பரில் இடிக்காமல் உட்காருகிறதா, டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண் ஒரிஜினலுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துப் போடும் கடையாகப் போங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறாக, 17 இஞ்சுக் காடியை எடுத்துவந்து 19 போடுங்கள் என்பவர்களுக்கு நான் போடுவதில்லை.

அந்தத் தம்பிக்கு அவருடைய மாடலின் கீழ் ஸ்பெக் ரிம் நாலு தேடச் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்ததும் பூட்டி, அலைன்மென்ட் பார்த்து, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து பாகான் டாலாம் பக்கம் ஒரு சுற்று போய்வருவோம் என்று பேசியிருக்கிறோம். அப்சார்பருக்கு ஒதுக்கிய பணத்தை அவர் டயருக்கு வைத்துக்கொள்ளலாம்.