சஸ்பென்ஷன்: இடைநீக்கமா, இடைநிறுத்தமா?

லத்தீனில் 'சஸ்பெண்டெரே' என்றால் தொங்கவிடுதல். அதிலிருந்து வந்த சஸ்பென்ஷன் நமக்கு அரசு அலுவலகச் செய்திகளில்தான் அதிகம் பழக்கம். லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்கிறோம். நாளிதழ் அதைப் பணியிடை நீக்கம் என்று எழுதும். 1930, 40களின் ஹாலிவுட்டில் இதே சொல்லுக்கு இன்னும் கொடிய பொருள் இருந்தது. கொடுத்த வேடத்தை நடிகை மறுத்தால் சம்பளம் நின்றுவிடும். வேறு கம்பெனியிலும் நடிக்கக் கூடாது. வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் எல்லாம் ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்ந்துகொள்ளும். ஏழு வருடம் என்று கையெழுத்துப் போட்டவர் எப்போது வெளியே வருவார் என்பது ஸ்டூடியோவின் கையில்.

ஒலிவியா டி ஹாவிலண்ட் இதை அனுபவித்தவர். 1916ல் டோக்கியோவில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர். 20 வயது நிரம்புவதற்குள் வார்னர் பிரதர்ஸ் நடிகையாகிவிட்டார். எரால் ஃபிளின்னுக்கு ஜோடியாக எட்டுப் படங்கள். 'கான் வித் த விண்ட்' படத்தில் மெலனி என்ற பாத்திரத்தில் பெயர் வாங்கியதுகூட வேறொரு தயாரிப்பாளருக்கு இரவலாகப் போய் நடித்ததுதான். திரும்பி வந்தால் மறுபடியும் அதே சாதுவான காதலி வேடங்கள். மறுத்தார், சஸ்பெண்ட் ஆனார், மறுபடி மறுத்தார். 1943ல் ஏழு வருடம் முடிந்தபோது, சஸ்பென்ஷன் கணக்கில் இன்னும் சுமார் ஆறு மாதம் பாக்கி என்றது வார்னர்.

அவர் நீதிமன்றம் போனார். இதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். 1936ல் நடிகை பெட்டி டேவிஸ் இதே கம்பெனியோடு லண்டனில் வழக்காடித் தோற்றிருந்தார். தனிமனித உழைப்புக்கான ஒப்பந்தத்தை ஏழு வருடத்துக்கு மேல் கட்டாயப்படுத்த முடியாது என்று கலிபோர்னியச் சட்டம் சொல்கிறது. ஏழு வருடம் என்பது வேலை செய்த காலம் மட்டுமே என்று ஸ்டூடியோ வாதாடியது. இல்லை, காலண்டர்படி ஏழு வருடம்தான் என்று 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில உச்ச நீதிமன்றமும் வார்னரின் முறையீட்டை ஏற்கவில்லை. அந்தச் சட்டப்பிரிவை இன்றும் டி ஹாவிலண்ட் சட்டம் என்றே அழைக்கிறார்கள். விடுதலையான பிறகு 'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946), 'தி ஏரெஸ்' (1949) இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கினார். 2020ல் பாரிஸில் 104 வயதில் காலமானார்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? இடைநீக்கம் இங்கே ஒட்டவில்லை. அவரை யாரும் நீக்கவில்லையே! நீக்கியிருந்தால் மறுநாளே வேறு ஸ்டூடியோவுக்குப் போயிருப்பார். இலங்கைத் தமிழில் பணி இடைநிறுத்தம் என்பார்கள், அதுதான் பொருத்தம். ஊதியமில்லா இடைநிறுத்தம் என்றால் இன்னும் தெளிவு. 'தடை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது வேறு: வழக்கு நடந்தபோது மற்ற ஸ்டூடியோக்களுக்கெல்லாம் கடிதம் எழுதி அவருக்கு வேலை கிடைக்காமல் செய்தது வார்னர். தடை என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.